வரி விளம்பரம்

நாளிதழைக் கையில் எடுப்பவர்கள் எல்லோரும் அதனை ஒரே வகையாக வாசிப்பதில்லை. தலைப்புச் செய்தியில் தொடங்குவார் சிலர். ஆசிரியத் தலையங்கத்தை முதலில் தேடுவார் சிலர். விளையாட்டுச் செய்திக்காகக் கடைசிப் பக்கத்திலிருந்து முன்னோக்கி வருவார் சிலர். இவர்களுள் அடங்காத இன்னொரு கூட்டத்தாரும் உளர். அவர்கள் உட்பக்கம் ஒன்றை நேரே புரட்டி, பொடியெழுத்துக்கள் எறும்புச் சாரைபோல் நெருங்கிக் கிடக்கும் பத்திகளில் விரலை வைத்து, மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாய்ப் பார்த்துக்கொண்டு போவார்கள். வேலை தேடும் இளைஞன், அறை தேடும் உத்தியோகத்தர், மகளுக்கு வரன் தேடும் தந்தை, காணி விற்க எண்ணிப் பிறர் கேட்கும் விலையை அறிய விரும்பும் கிழவர் ஆகியோர் அவர்கள். செய்தியை அறிவதற்காக அன்றி, தம் வாழ்க்கையில் ஒரு மாற்றத்தை எதிர்பார்த்துப் பத்திரிகை வாசிப்பவர்கள் இவர்களே எனலாம்.

இவர்கள் வாசிக்கும் பகுதிக்கு நாம் வழங்கும் பெயர்தான் வரி விளம்பரம். சிறு விளம்பரம் என்பாரும் உண்டு. இச்சொல் எவ்வாறு அமைந்தது, இதனை எவ்வாறு எழுதுதல் முறை என்பவை பற்றியே இன்று சில கருத்துக்களைக் கூற விரும்புகிறேன்.

முதலில் விளம்பரம் என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். சொல்லுதல் என்னும் பொருளைத் தருவதற்குத் தமிழில் எத்தனையோ வினைகள் உள்ளன. கூறு, செப்பு, மொழி, இயம்பு, நவில், நுவல், அறை, சாற்று, பகர் என்று அவை நீளும். அவ்வரிசையில் ஒன்றே விளம்பு என்பதும். இவற்றுட் சில வெறுமனே சொல்லுதலோடு நின்றுவிடுவதில்லை. அறைதலிலும் சாற்றுதலிலும் முரசின் ஒலி கேட்கிறது. மணிமேகலையின் முதற் காதைக்கு விழாவறை காதை என்று பெயர். இந்திர விழா நிகழவிருக்கும் செய்தியை ஊரார்க்கு முரசறைந்து தெரிவித்தலே அதன் பொருள். பகர்தல் என்பதிலோ வாணிகத்தின் ஒலி கேட்கிறது. வீதியில் விலை கூறி விற்போரைப் பகர்வனர் என்று பழைய இலக்கியம் கூறும். சொல்லுவதற்கும் விற்பதற்கும் ஒரே வினை வழங்கியிருப்பது கருதத்தக்கது.

விளம்பு என்னும் வினைக்கும் இன்னொரு பொருள் உண்டு. அது உணவு பரிமாறுதல். நம்மிடையே இப்பொருள் அருகிவிட்டது. மலையாளத்திலோ இன்றும் சோறு பரிமாறுதலை விளம்புதல் என்றே சொல்கிறார்கள். இலையில் உணவை வைப்பதும், செவியில் செய்தியை வைப்பதும் ஒரே சொல்லால் குறிக்கப்பட்டமை நம் முன்னோர் மனப்போக்கைக் காட்டுகிறது. தம்மிடம் உள்ளதைப் பிறர்முன் எடுத்து வைத்தலே இரண்டிற்கும் பொதுவானது. விளம்பரம் என்னும் பெயரிலும் இந்தக் கருத்தே நிற்கிறது.

ஆயினும், விளம்பரம் என்றவுடன் வணிகப் பொருள் நினைவுக்கு வருவது தமிழின் இன்றைய வழக்கு. மலையாள நாட்டில் அவ்வாறன்று. அங்கே விளம்பரம் என்பது அரசரோ அரச அதிகாரியோ நாட்டாருக்கு விடுக்கும் பிரகடனத்தைக் குறிக்கும். 1809ஆம் ஆண்டில் வேலுத்தம்பி ஆங்கிலேயருக்கு எதிராக விடுத்த அறிக்கை குண்டறை விளம்பரம் எனப்படும். திருவிதாங்கூரில் 1936ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் கோயில்களின் கதவுகளை எல்லா இந்துக்களுக்கும் திறந்துவிட்ட ஆணையை க்ஷேத்திரப் பிரவேசன விளம்பரம் என்கிறார்கள். சோப்பும் சைக்கிளும் விற்பதற்கான அறிவிப்பை அவர்கள் பரஸ்யம் என்பார்கள். தெலுங்கில் அத்தகைய அறிவிப்பு பிரகடன எனப்படுகிறது. இந்தியில் விக்ஞாபன் எனப்படுகிறது. அதே வடசொல்லை விஞ்ஞாபனம் என்று நாம் இலங்கையில் வைத்துக்கொண்டு, தேர்தற் காலத்தில் கட்சிகள் வெளியிடும் வாக்குறுதிப் பட்டியலுக்குப் பெயராக்கியிருக்கிறோம். ஒருவர் வீட்டில் அரசாணையாக இருக்கும் சொல், அயல்வீட்டில் கடைச்சரக்குக்குக் கூவும் சொல்லாகிறது. கடைச்சரக்குக்குரிய சொல் மூன்றாம் வீட்டில் அரசியல்வாதியின் வாக்குறுதியாகிறது. நாடு விட்டு நாடு போகும்போது சொற்களும் இவ்வாறு வேலை மாறிக்கொள்கின்றன.

இனி, எழுத்தைப் பார்ப்போம். விளம்பரம் என்பதில் வருவது ளகரம். யாழ்ப்பாணத்துப் பேச்சிலே பலரிடத்தில் ழகரமும் ளகரமும் வேறுபாடின்றி ஒலிக்கின்றன. ஆகவே, எழுதுகோல் எடுக்கும்போது, ளகரம் கொச்சையோ என்று ஐயுற்று, சிறப்பு ழகரத்தை இட்டு விழம்பரம் என்று எழுதிவிடுவோர் உண்டு. செம்மையை நாடிச் செய்யும் பிழை இது. வடமொழியில் தாமதத்தைக் குறிக்கும் விலம்ப என்னும் சொல்லும் தமிழில் விளம்பம் என ளகரம் பெற்று வழங்குகிறது. இதற்கும் விளம்பரத்துக்கும் உறவில்லை. தாமதத்துக்கும் ளகரந்தான், விளம்பரத்துக்கும் ளகரந்தான் என்று நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

அடுத்தது வரி. இது தமிழின் மிகப் பழைய சொற்களுள் ஒன்று. கோடு என்பதே இதன் அடிப்பொருள். புலியின் உடலிலுள்ள கோடுகளைக் கொண்டு வரிப்புலி என்றனர். அவ்வழியே ஆபிரிக்க விலங்கொன்றுக்கு வரிக்குதிரை என்ற பெயர் பிற்காலத்தில் எளிதாக அமைந்தது. எழுத்தின் ஒலியை ஒலிவடிவம் என்றும், கோடாக இழுத்து எழுதப்படும் உருவத்தை வரிவடிவம் என்றும் இலக்கண ஆசிரியர் பிரித்தனர். சிலப்பதிகாரத்திலே கானல்வரி, வேட்டுவ வரி எனப் பாட்டுக்கும் கூத்துக்கும் வரி என்று பெயர் வந்திருக்கிறது. கடித உறையின் மேல் எழுதும் முகவரியிலும் வரி இருக்கிறது. நம் நாட்டில் அதனை விலாசம் என்றே பெரும்பாலும் வழங்குகிறோம். பாட்டின் ஒரு நிரலை அடி என்பதும், உரைநடையின் ஒரு நிரலை வரி என்பதும் மரபு.

அரசுக்குச் செலுத்தும் பணமும் வரிதான். நம் நாட்டிலே அதற்கு இறைவரி என்ற அழகிய பெயரும் உண்டு. உள்நாட்டு இறைவரித் திணைக்களம் என்று திணைக்களத்துக்கே பெயரிட்டிருக்கிறோம். ஆகவே, வரி விளம்பரம் என்பதை முதன்முறை கேட்கும் ஒருவர், வரி கட்டத் தவறியவர்களுக்கு அத்திணைக்களம் விடுக்கும் எச்சரிக்கை என்று எண்ணினால், அவரை நாம் குறை கூற முடியாது.

வரி விளம்பரத்திலுள்ள வரி, உரைநடையின் வரியே. ஆங்கிலப் பத்திரிகை உலகில் லைன் அட்வர்டைஸ்மென்ட் என்று வழங்கியதன் நேர்த் தமிழ் இது. படமும் கட்டமும் கொண்ட பெரிய விளம்பரத்துக்குப் பத்திரிகையில் அது பிடிக்கும் இடத்தை அளந்து கட்டணம் விதிப்பார்கள். படமின்றி எழுத்து மட்டும் ஓடுகின்ற சிறு விளம்பரத்துக்கு எத்தனை வரி என்று எண்ணிக் கட்டணம் விதிப்பார்கள். சில பத்திரிகைகள் வரிக்குப் பதிலாகச் சொல்லை எண்ணுவதும் உண்டு. எனவே, இப்பெயர் விளம்பரத்தின் உள்ளடக்கத்திலிருந்து பிறந்ததன்று. பணம் வாங்கும் மேசையிலிருந்து பிறந்தது.

பிற மொழியினர் இதே பொருளுக்கு இட்ட பெயர்களை ஒப்பிட்டுப் பார்த்தால் ஒரு செய்தி புலனாகும். வகைபிரித்து அடுக்கியிருப்பதால் கிளாசிஃபைட் என்றது ஆங்கிலம். இது அடுக்குபவரின் பார்வை. உருவில் சிறியதாதலால் ஸ்மால் அட் என்று பிரித்தானியர் சொன்னார்கள். சிங்களத்தில் லுஹுண்டு தன்வீம் என்பார்கள். சுருக்கமான அறிவித்தல்கள் என்பது அதன் பொருள். இவை பார்ப்பவரின் பார்வை. நம்முடைய வரி விளம்பரம் கணக்கரின் பார்வை. அமெரிக்கர் மட்டும் வோன்ட் அட் என்று, வேண்டுதலை, தேவையை முன்வைத்துப் பெயரிட்டார்கள். அது விளம்பரம் கொடுப்பவரின் பார்வை. நாமோ தலைப்பில் வரியை வைத்தோம். ஆனால், அத்தலைப்பின் கீழே வருகின்ற ஒவ்வொரு விளம்பரத்திலும் மணமகன் தேவை, சமையலாள் தேவை, அறை தேவை என்று தேவையையே எழுதுகிறோம்.

தேவையிலிருந்துதான் இவ்வழக்கமே தோன்றியது என்பதற்கு வரலாற்றிலும் சான்று உண்டு. 1580ஆம் ஆண்டில் வெளிவந்த தம் கட்டுரைத் தொகுதியிலே பிரெஞ்சு அறிஞர் மொந்தேன், தம் தந்தையார் கொண்டிருந்த ஓர் எண்ணத்தைக் குறிப்பிடுகிறார். ஒவ்வொரு நகரிலும் ஓர் இடம் குறிக்கப்பட வேண்டும்; முத்து விற்க விரும்புபவனும், வேலையாளைத் தேடுபவனும், எசமானனைத் தேடுபவனும், பாரிஸ் நகருக்குப் போக வழித்துணை தேடுபவனும் அங்கே சென்று தத்தம் தேவையைப் பதிந்து வைக்க வேண்டும் என்பது அது. ஒருவருக்கு வேண்டியது இன்னொருவரிடம் இருந்தும், ஒருவரை ஒருவர் அறியாமையால் இருவரும் துன்புறுகிறார்கள் என்று அம்முதியவர் கண்டிருந்தார். இந்த எண்ணத்துக்கு அடுத்த நூற்றாண்டில் பாரிஸ் நகரில் உருக்கொடுத்தவர் தியோஃபிராஸ்த் ரெனோதோ என்னும் மருத்துவர். 1630ஆம் ஆண்டளவில் அவர் நிறுவிய நிலையத்தின் பெயரை முகவரி நிலையம் என்று தமிழில் சொல்லலாம். வேலையற்றோர் அங்கே வந்து பதிந்துகொண்டனர். ஏழைகளிடம் அதற்குக் கட்டணம் பெறப்படவில்லை. 1633ஆம் ஆண்டில் அந்நிலையம் தன்னிடம் பதிவான தேவைகளை அச்சிட்டு வெளியிடத் தொடங்கியது. இன்றைய வரி விளம்பரப் பக்கத்தின் மூதாதை என்று அத்தாளைக் கூறுவது பொருந்தும்.

நம் நாட்டிலும் அச்சும் விளம்பரமும் உடன்பிறந்தவை போலவே வளர்ந்தன. 1834ஆம் ஆண்டில் கொழும்பில் தோன்றிய ஒப்சேவர் பத்திரிகை, தன் பெயரோடு கொமர்ஷல் அட்வர்டைசர், அதாவது வணிக விளம்பரதாரன், என்பதையும் சேர்த்துக்கொண்டே வெளிவந்தது. இலண்டனிலோ டைம்ஸ் நாளிதழ் 1966ஆம் ஆண்டு மே மாதம் 2ஆம் நாள் வரையில் தன் முதற்பக்கத்தைச் செய்திக்குக் கொடுக்காமல் சிறு விளம்பரங்களுக்கே விட்டிருந்தது. போரும் சமாதானமும் உள்ளே. காணாமற்போன குடையும் வேலை தேடும் தாதியும் முன்னே. அக்கால வாசகர்களுக்கு இது விந்தையாகத் தோன்றவில்லை.

இனி, எழுதும் முறையைச் சற்று நுணுகிப் பார்ப்போம். வரி விளம்பரம் என்பதில் இடையே மெய்யெழுத்து மிகாது. வரிப்பணம், வரிக்குதிரை என்பவற்றில் பகரமும் ககரமும் மிகுகின்றனவே என்றால், அங்கே வருமொழி வல்லினம். இங்கே வருமொழி வகரமாகிய இடையினம். ஆதலால் இயல்பாக நிற்கும். ஆனால், இத்தொடரோடு கட்டணம், பகுதி முதலிய சொற்கள் சேரும்போது வரிவிளம்பரக் கட்டணம், வரிவிளம்பரப் பகுதி என்று மெய் மிகவே வேண்டும். பலர் விட்டுவிடுவது இந்த மெய்யைத்தான். சிறு விளம்பரம் என்பதற்கு வேறு விதி. சிறு என்னும் அடையின் பின் வல்லினம் வந்தாலும் மிகாது. சிறுகதை, சிறுதொழில் என்பவை சான்று.

சேர்த்தெழுதுவதா, பிரித்தெழுதுவதா? சிறுகதை என்று சேர்த்து எழுதினால் அஃது ஓர் இலக்கிய வகை. சிறு கதை என்று பிரித்து எழுதினால் சிறியதொரு கதை, அவ்வளவே. அதுபோலவே, பத்திரிகையின் ஒரு பகுதிக்குரிய பெயராக வரும்போது வரிவிளம்பரம், சிறுவிளம்பரம் என்று சேர்த்தெழுதுவது பொருளை வரையறுக்கும். பிரித்தெழுதுவது பிழையன்று, வாசிப்போருக்கு எளிமை கருதிப் பத்திரிகைகள் பிரித்தே அச்சிடுகின்றன. ஒரே பக்கத்தில் இரண்டையும் கலந்து எழுதாமை நன்று.

இவையெல்லாம் புலவர் மன்றத்து வழக்கு, நமக்கென்ன என்று நினைக்க வேண்டா. வரி விளம்பரத்தில் எழுத்துக்கு விலை உண்டு. பணம் கொடுத்து இடும் எழுத்தில் ஒன்று பிசகினால் இழப்பு உண்மையானது. அறை வாடகைக்கு என்பதில் வல்லின றகரம் இடையின ரகரமாக மாறிவிட்டால், அரை வாடகைக்கு வீடு கிடைக்கிறது என்று எண்ணி ஊர் திரண்டு வந்து வாசலில் நிற்கும். விளைநிலம் என்பதில் ளகரம் லகரமானால், பயிர் விளையும் வயல் என்ற செய்தி மறைந்து, விலைக்குரிய நிலம் என்பது மட்டுமே எஞ்சும். வாங்க வருபவர் தரிசு நிலமோ என்று ஐயுறுவார். மணமகன் என்பதில் டண்ணகரத்துக்குப் பதிலாக றன்னகரம் வந்தால், மணம் நீங்கி மனம் வந்து சேரும். மணம் பேச வருபவர்கள், பெண்வீட்டாரின் கல்வியைப் பற்றி முதலில் கொள்ளும் அபிப்பிராயம் அந்த ஓர் எழுத்தினாலேயே அமைந்துவிடவும் கூடும்.

சொல்லை எண்ணிக் கட்டணம் வாங்கும் முறையில் தமிழுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. நம் மொழியிலே சொற்கள் ஒன்றோடொன்று புணர்ந்து நிற்கும். வாடகைக்கு விடப்படும் என்பதை இரண்டு சொல்லாகவும் எழுதலாம். ஒரே சொல்லாகச் சேர்த்தும் எழுதிவிடலாம். விளம்பரம் கொடுப்பவர் சேர்த்து எழுதிக் காசை மிச்சம் பிடிக்க முயல்வார். வாங்குபவர் பிரித்து எண்ணுவார். இருவர் பக்கமும் இலக்கணம் நிற்கும்! வரியை எண்ணும் முறையில் இந்த வழக்குக்கு இடமில்லை. சேர்த்து எழுதினாலும் பிரித்து எழுதினாலும் பத்தியின் அகலம் ஒன்றே. தமிழின் இயல்புக்கு வரிக்கணக்கே பொருந்துவது என்பேன். அம்முறையால் வந்த பெயரும் தமிழுக்குப் பொருந்திவிட்டது.

காசை எண்ணிச் சொல்லைச் சுருக்குவதில் ஓர் எல்லை இருக்க வேண்டும் என்பதையும் சொல்லியாக வேண்டும். காணி உறுதி தொலைந்தவர் கொடுக்கும் விளம்பரத்தில், ஒரு வரியை மிச்சப்படுத்துவதற்காக உறுதியின் இலக்கத்தையோ, அதனை எழுதிய நொத்தாரிசின் பெயரையோ விட்டுவிட்டால், மிச்சமாகும் பணம் சிறிது. பின்னர் வரும் வழக்குப் பெரிது. வேலை தருவதாகக் கூறும் விளம்பரத்தில் நிறுவனத்தின் பெயரும் இல்லை, விலாசமும் இல்லை, தொலைபேசி எண் மட்டுமே உண்டு என்றால், அந்தச் சுருக்கம் சிக்கனத்தால் வந்ததா, மறைக்கும் எண்ணத்தால் வந்ததா என்று வாசிப்பவர் ஆராய வேண்டும். இல்லாத வேலையை நம்பி நகையை ஈடுவைப்பவர் இழப்பது ஒரு வரியின் கட்டணத்தை மட்டுமன்று.

இலங்கைத் தமிழ் வழக்கிலே போற்றத்தக்க ஒரு வேறுபாட்டையும் இங்கே குறிப்பிட வேண்டும். வீட்டில் ஒருவர் இறந்துபோனால் அச்செய்தியையும் பணம் கொடுத்தே பத்திரிகையில் இடுகிறோம், வானொலியிலும் சொல்லுவிக்கிறோம். ஆயினும், அதனை விளம்பரம் என்று எவரும் சொல்வதில்லை. மரண அறிவித்தல் என்றே சொல்கிறோம். கட்டணம் வாங்கும் மேசை ஒன்றுதான், அச்சு ஒன்றுதான், பெயர்தான் வேறு. விளம்பரம் என்ற சொல்லில் வணிகத்தின் சாயல் ஏறிவிட்டதை உணர்ந்து, துயரத்தை அதிலிருந்து விலக்கி வைத்த மக்களின் பண்பு இது. வர்த்தமானியில் வரும் அரச செய்தியையும் நாம் அறிவித்தல் என்றே சொல்கிறோம்.

இரண்டுக்கும் நடுவே நிற்பது காணவில்லை என்னும் தலைப்பு. அதனை விளம்பரம் என்பதா, அறிவித்தல் என்பதா? பெயர், வயது, உயரம், கடைசியாக உடுத்திருந்த உடையின் நிறம் ஆகியவை நாலு வரிக்குள் அடங்கிவிடுகின்றன. அதனைக் கொடுத்த தாய்க்கு அந்த நாலு வரியும் போதாது. எனினும், அவ்வளவையே கட்டணம் அனுமதித்தது. அதனை வாசிக்கும் நாம், அடுத்த பத்தியிலுள்ள விற்பனைச் செய்திக்குக் கண்ணை நகர்த்துமுன் ஒருமுறை நிதானித்து அந்த அடையாளங்களை மனத்தில் பதித்துக்கொள்வது நம் கடமையாகும்.

இன்று கைபேசியிலும் கணினியிலும் இவ்விளம்பரங்கள் வந்துவிட்டன. அங்கே வரியை எண்ணுவார் இல்லை, படமும் இடலாம். விரைவு என்னும் பொருளுடைய சிங்களச் சொல்லையே பெயராகக் கொண்ட இணையத்தளம் ஒன்று நம் நாட்டில் பலருக்கும் பழக்கமானது. ஆயினும், வரி விளம்பரம் என்னும் பெயர் வழக்கொழிந்துவிடவில்லை. அச்சுக் கோப்பவர் ஈய எழுத்தை வரியாக அடுக்கிய காலத்துப் பெயர், ஈய எழுத்து மறைந்த பின்னும் நிற்கிறது. கருவிகள் மாறுகின்ற வேகத்தில் சொற்கள் மாறுவதில்லை. தேவையோ மாறுவதே இல்லை.

ஆகவே நேயர்களே, வரி என்பதில் இடையின ரகரத்தையும், விளம்பரம் என்பதில் ளகரத்தையும் பிழையின்றி இடுங்கள். கொடுக்கும் விளம்பரத்தை அனுப்புமுன் உரக்க ஒருமுறை வாசித்துப் பாருங்கள். பின் வீட்டிலுள்ள ஒரு மாணவரிடம் கொடுத்து எழுத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். இன்றியமையாத ஒரு செய்திக்காக ஒரு வரி கூடினால், அந்த ஒரு வரிக்குரிய பணத்தைத் தயங்காமல் கொடுங்கள். முன்பின் அறியாத ஒருவர் அதனை வாசித்துத்தான் உங்கள் வாசலைத் தேடி வரவேண்டும். அவருக்கு வழி தெரியுமாறு எழுதுவதே விளம்புதல்.